தண்டவாளக் கரை இறங்குகிறதா? கம்புட் மண்ணிலும் கடல் களிமண்ணிலும் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தவர்களுக்கு எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1885இல் தண்ணீர்த் தொட்டியும் கடிகாரமுமாகக் கட்டியது. அடிமண் இளகல் என்பதால் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நிற்கிறது. அங்கிருந்து ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ என்று கடலை நோக்கிப் போகப் போக, சில இடங்களில் மேலே கறுப்புக் கம்புட் (செடிகொடிகள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்த சதுப்பு மண்), கீழே களிமண்; மற்ற இடங்களில் எடுத்த எடுப்பிலேயே கடல் களிமண். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிப் போகும் தோட்டத்து ரயில் பாதைகளின் கரை இதன் மேல்தான் நிற்கிறது.

மண்டோர் (வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் கங்காணி), லைன் பார்க்கும் ஆள், புதிதாக வந்து சேர்ந்த அசிஸ்டன்ட் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எங்கே பள்ளம் விழுந்தாலும் ஒரு லோரி செம்மண்ணைக் கொட்டித் தண்டவாளத்தைத் தூக்கி வைப்பது இங்கே கைப்பழக்கம். செம்மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ இரண்டு டன் எடை. தண்ணீரில் ஊறிய கம்புட்டோ கிட்டத்தட்டத் தண்ணீரின் எடைதான். ஆக, தண்ணீருக்குள் அது தன் எடையைக்கூடத் தாங்கிப் பழகாத மண். அதன் தலையில் மேலும் மேலும் ஏற்றினால் இன்னும்தான் இறங்கும். எந்த அறிகுறியாக இருந்தாலும், அந்த இடத்தில் மண் எதை இழந்தது என்று முதலில் தேடுங்கள்: தண்ணீரையா, பக்கத் தாங்கலையா, அடியிலிருந்த கட்டையையா? லோரியை அப்புறம் கூப்பிடலாம்.

முதலில் கையால் பார்ப்பது

12 மி.மீ. இரும்புக் கம்பி மூன்று மீட்டர் நீளத்தில் ஒன்று, கொஞ்சம் மூங்கில் முளைகள், நூல், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

கம்பியைக் கரையின் அடிவாரத்தில் கையால் அழுத்துங்கள். கம்புட்டில் சும்மா இறங்கிக்கொண்டே போய், திடீரென்று 'டொக்' என்று நிற்கும். அடிமண் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். நம் ஊர்க் கம்புட்டுக்குள் மட்காத மரத்தண்டுகள் ஏராளமாகப் புதைந்து கிடக்கின்றன. இரண்டடி தள்ளிக் குத்தினால் அதே கம்பி பிடி வரைக்கும் உள்ளே போகும். ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். அவற்றில் எது ஆழமாகப் போனதோ அதைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு அந்த ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து முஷ்டியில் பிழியுங்கள். சுவீடன் நாட்டு மண்ணியலாளர் வான் போஸ்ட் 1920களில் வகுத்துக் கொடுத்த முறை. இன்றைக்கும் ஆய்வறிக்கைகளில் இதே முறையில்தான் தரம் பிரிக்கிறார்கள். விரலிடுக்கில் தெளிந்த பழுப்புத் தண்ணீர் வடிந்து கையில் நார் மிஞ்சினால், அது அதிகம் மட்காத கம்புட். சுமை வைத்ததும் சீக்கிரமே அமுங்கும், ஆனால் நார் ஓரளவு பிடித்துக்கொள்ளும். மண்ணே கூழாகப் பிதுங்கி விரலுக்கு வெளியே வந்தால் நன்றாக மட்கியது. தண்ணீரை மெதுவாகத்தான் விடும், பிடிப்பும் குறைவு. சாம்பல் நீலத்தில் வழவழவென்று, நடுவில் சிப்பித் துண்டோடு வந்தால் களிமண்.

அறிகுறி: நீண்ட தூரத்துக்குக் கரை மெல்ல மெல்ல இறங்குகிறது, வெடிப்பு எதுவும் இல்லை

அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம் மட்டும் வேறு வேறு.

முதலாவது, கரையின் எடையால் அடியிலுள்ள களிமண் தண்ணீரைக் கக்கி அமுங்குவது. மண் பொறியியலின் முன்னோடி டெர்சாகி 1925இல் எழுதி வைத்த கணக்கு இது. தண்ணீர் வெளியேற வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால், அமுங்கி முடிய ஆகும் காலம் நான்கு மடங்காகும். கடற்கரைப் பக்கம் களிமண் பதினைந்து, இருபது மீட்டர் ஆழம்வரை போகும் இடங்கள் உண்டு. அங்கே தானாக அமுங்கி முடியட்டும் என்று விட்டால் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஆகும்.

இரண்டாவது, நிலமே இறங்குவது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகு, தண்ணீர் மட்டத்துக்கு மேலே காற்றுப் படும் கம்புட் மட்கிக் கரைந்துபோகிறது. வடிகால் போட்ட வெப்பநாட்டுக் கம்புட் நிலம், முதல் சில ஆண்டுகளின் வேகமான இறக்கம் முடிந்த பிறகும், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைப் பார்க்காதீர்கள், கரையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் செம்பனை மரங்களின் அடியைப் பாருங்கள். வேர்க்கட்டு தரைக்கு மேலே ஒரு முழம் எழும்பி, மரம் சாய்ந்து நின்றால் நிலம்தான் இறங்கியிருக்கிறது. பைல் (ஆழமாக அடித்து இறக்கும் தூண்) போட்டுக் கட்டிய பழைய மதகின் அடித்தளம் வெளியே தெரிவதும் இதே கதை. மரங்கள் எல்லாம் ஒழுங்காக நின்று, கரை மட்டும் இறங்கியிருந்தால் களிமண்தான் அமுங்குகிறது.

நோட்டும் இதைச் சொல்லும். நகராத ஓர் இடத்தை அடையாளமாக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தண்டவாள மட்டத்தை எழுதுங்கள். 8 செ.மீ., அப்புறம் 5, அப்புறம் 3 என்று குறைந்துகொண்டே வந்தால் அமுக்கம் அடங்கி வருகிறது. 3, 3, 3 என்று நேர்கோடாகப் போனால் கம்புட் மட்குகிறது.

அமுக்கம் என்றால், குறைவாக ஏற்றுவதும் பொறுத்திருப்பதும்தான் மலிவான வழி. புதிதாகக் கரை போடும் இடமாக இருந்தால், சாலை வேலைகளில் செய்வதுபோல ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் பிளாஸ்டிக் வடிபட்டைகளைச் செங்குத்தாக இறக்கி, மேலே தற்காலிகமாகக் கூடுதல் மண் ஏற்றிக் காத்திருக்கலாம். தண்ணீர் பத்து மீட்டர் மேலே ஏறுவதற்குப் பதிலாக அரை மீட்டர் பக்கவாட்டில் போனால் போதும். ஆண்டுக் கணக்கு மாதக் கணக்காகிவிடும். ஆனால் நார்க் கம்புட்டுக்கு இது பெரிய உதவி இல்லை. அது முதலிலேயே தண்ணீரை விட்டுவிட்டு, அதன் பிறகும் வருடக்கணக்கில் தொய்ந்துகொண்டே இருக்கும்.

கம்புட் மட்குகிறது என்றால் கரையில் கை வைக்காதீர்கள், கால்வாயில் வையுங்கள். குறுக்கே பலகைத் தடுப்பு போட்டு, தண்ணீர் மட்டத்தைத் தரைக்குக் கீழே 40 முதல் 60 செ.மீ. அளவில் நிறுத்துங்கள். செம்பனைக்கும் அது ஒத்துவரும். தண்ணீர் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழே உள்ள மண்ணின் மேல் கூடும் சுமை ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல். அரை மீட்டர் செம்மண் கொட்டியதற்குச் சமம். ஒரு கூடை மண்கூடப் போடாமலே கரை இறங்கியது எப்படி என்று ஆபீசில் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

தண்டவாளத்தை உயர்த்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கனமான மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு இலகுவான பொருளை வையுங்கள். நோர்வேக்காரர்கள் 1972இல் ஓஸ்லோவுக்கு அருகே கம்புட் மேல் நின்ற ஒரு பாலத்தின் அணுகுசாலையில் இதைச் செய்தார்கள். மண்ணை எடுத்துவிட்டுத் தெர்மகோல் பாளங்களை அடுக்கினார்கள். அதன் எடை மண்ணில் நூறில் ஒரு பங்குதான். நம் பக்கம் இரண்டு எச்சரிக்கை: வெள்ளம் வந்தால் அது மிதக்கும், மேலே போதுமான பாரம் வேண்டும், பெட்ரோல் சிந்தினால் கரைந்துபோகும்.

அறிகுறி: கரையின் மேல் நீளவாக்கில் வெடிப்பு, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது

வண்டியை நிறுத்துங்கள். மற்றவையெல்லாம் பராமரிப்பு, இது ஆபத்து.

"அண்ணே, போன வாரம் போட்ட மண் எங்கே போச்சு?" என்று எஞ்சின் ஓட்டும் தம்பி கேட்பார். கால்வாயைப் போய்ப் பாருங்கள். அதன் அடி மேலெழும்பி, வாய் குறுகியிருந்தால் அங்கேதான் போயிருக்கிறது. கரை ஒரு வில்லாகச் சுழன்று இறங்குகிறது. மேலே போட்டது கீழே பக்கவாட்டில் பிதுங்குகிறது. சந்தேகமாக இருந்தால் கரையின் அடிவாரத்தில் மூங்கில் முளைகளை ஒரே நேர்கோட்டில் நட்டு நூல் பிடியுங்கள். மறுநாள் காலையில் நடுவிலுள்ள முளைகள் கால்வாய்ப் பக்கம் தள்ளியிருந்தால் கரை இன்னும் நகர்கிறது.

அவசரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. களிமண்ணின் வெட்டு வலிமையை (சறுக்காமல் எதிர்த்து நிற்கும் வலிமை) ஐந்தால் பெருக்கி, கரை மண்ணின் எடையால் வகுத்தால் கரை தாங்கும் அதிகபட்ச உயரம் கிடைக்கும். வலிமை 10 கிலோபாஸ்கல், கரை மண் ஒரு கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்றால் 2.8 மீட்டர். அது விழும் உயரம், நிற்கும் உயரம் இல்லை. கொஞ்சம் பாதுகாப்பு வைத்தால் இரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இதை நம் நாட்டிலேயே வேண்டுமென்றே விழவைத்துப் பார்த்திருக்கிறார்கள். நெடுஞ்சாலை வாரியம் 1980களின் கடைசியில் மூவார் அருகே கடல் களிமண்ணில் சோதனைக் கரைகளை எழுப்பியது. அவற்றில் ஒன்றை விழும்வரை உயர்த்திக்கொண்டே போனார்கள். எத்தனை மீட்டரில் விழும் என்று உலகப் பெயர் பெற்ற நிபுணர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, 1989இல் கோலாலம்பூரில் கூட்டம் போட்டு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தரை மீட்டரில் விழுந்தது. அவ்வளவு உயரம் போனதற்கு ஒரு காரணம், அங்கே மேலே இரண்டு மீட்டர் அளவுக்கு வெயிலில் காய்ந்து இறுகிய களிமண் ஓடு இருந்தது. இளகிய மண் அதற்குக் கீழேதான்.

நம் தோட்டங்களிலும் அந்த ஓடு இருக்கிறது. அதைத்தான் நாமே அறுக்கிறோம். கரையை ஒட்டிக் கால்வாயை ஆழப்படுத்தினால் ஓடு அறுபட்டு, கரையின் பக்கத் தாங்கல் போய்விடுகிறது. அதோடு நிற்பதில்லை. கால்வாயிலிருந்து வாரிய சேற்றைக் கரையின் தோளிலேயே குவிக்கிறார்கள்: கீழே எடுப்பு, மேலே ஏற்றம். நான் பார்த்த சரிவுகளில் பாதிக்கு மேல் மண்வாரி இயந்திரம் வந்துபோன பிறகு நடந்தவை. மீதியில் நிறைய, கடல் வற்றும் நேரத்தில் மதகை முழுசாகத் திறந்துவிட்ட மறுநாள் நடந்தவை. கால்வாய்த் தண்ணீர் கரையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது சில மணி நேரத்தில் வடிந்தது, கரைக்குள் ஊறிய தண்ணீர் வடியவில்லை. மதகை ஒரு பலகை ஒரு பலகையாக எடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

சரிசெய்வது: வெடிப்பை மண் போட்டு மூடக் கூடாது. மேலே உள்ள பாரத்தை, முக்கியமாக அந்தச் சேற்றுக் குவியலை, எடுத்துவிடுங்கள். மண் போடத்தான் வேண்டும் என்றால் அடிவாரத்தில் அகலமாக, தாழ்வாக ஒரு படி கட்டுங்கள். கால்வாயைக் கரையிலிருந்து தள்ளி வெட்டி, பழையதை மூடுங்கள். அதன் பிறகு வெடிப்புக்குள் மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் போட்டு, முளைகள் இரண்டு வாரம் அசையாமல் நின்றால் கரையைச் சீரமைக்கலாம்.

இதே நீளவாக்கு வெடிப்பு நம் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலும் வருகிறது. சீனாவின் கோல்முட்டிலிருந்து திபெத்தின் லாசாவுக்குப் போகும் 1,142 கி.மீ. ரயில் பாதை 2006 ஜூலையில் திறந்தது. அதில் ஏறத்தாழ 550 கி.மீ. ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் மண்ணின் மேல் போகிறது. அங்கே வெயில் படும் பக்கத்தில் மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகி, அந்தப் பக்கத் தோள் மட்டும் இறங்கி வெடிக்கும். அவர்கள் கரையை உயர்த்திக்கொண்டே போகவில்லை. பெரிய கற்களை அடுக்கி இடுக்கு வழியாகக் குளிர்காற்று சுற்றும்படி செய்தார்கள். அம்மோனியா நிரப்பிய குழாய்களை நட்டு மண்ணின் சூட்டை வெளியே இழுத்தார்கள். சரிவுக்கு நிழல் பலகை போட்டார்கள். மிக மோசமான இடங்களில் கரையே வேண்டாம் என்று பாலமாகக் கட்டிவிட்டார்கள். அந்த மண் குளிரால் நிற்கிறது, குளிரைக் காப்பாற்றினார்கள். நம் கம்புட் ஈரத்தால் நிற்கிறது.

அறிகுறி: பாலத்துக்கு முன்னும் பின்னும் பள்ளம், எஞ்சின் தூக்கிப் போடுகிறது

பாலம் பைல் மேல் நிற்கிறது, இறங்காது. கரை இறங்கும். இந்த வித்தியாசம்தான் பள்ளம். மண் போட்டால் சில மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி. போட்ட எடை பைலையும் பக்கவாட்டில் தள்ளும்.

மெயின் லைனில் இதற்குச் செலவு செய்ய முடியும். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கி.மீ. இரட்டைப் பாதை போட்டு 2014இல் முடித்தார்களே, அதில் இளகிய மண் இருந்த இடங்களில் கல்தூண்களையும் கான்கிரீட் பைல்களையும் அடியில் இறக்கி அதன் மேல் கரை போட்டார்கள். பாலத்தை நெருங்க நெருங்கத் தாங்கல் படிப்படியாகக் கூடும்படி செய்வதுதான் அடிப்படை. தோட்டத்தில் அதன் சின்ன வடிவம் பாக்காவ் கட்டை (கடலோரச் சதுப்பில் வளரும் கண்டல் மரத்தின் கட்டை): பாலத்தை ஒட்டி நெருக்கமாகவும் நீளமாகவும், தள்ளிப் போகப் போகக் குட்டையாகவும் அடிக்கலாம். கரைக்கு அடியில் தண்ணீர் போகும் சின்னக் குழாய்க் கல்வெர்ட்டாக இருந்தால் நான் பைலே வேண்டாம் என்பேன். கட்டைத் தெப்பத்தின் மேல் உட்காரவைத்தால் கரையோடு சேர்ந்து அதுவும் இறங்கும், பள்ளமே தெரியாது.

பாக்காவ் கட்டையைப் பற்றி ஒன்று. கோலா செப்பெத்தாங் பக்கம் மாத்தாங் சதுப்புக் காட்டிலிருந்து வருவது நல்ல கட்டைதான். 1885இல் தைப்பிங்கிலிருந்து நாட்டின் முதல் ரயில் போய்ச் சேர்ந்ததும் அந்த ஊருக்குத்தான். அன்றைக்கு அதற்கு போர்ட் வெல்ட் என்று பெயர். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருக்கும்வரை கட்டைக்கு ஒன்றும் ஆகாது. தலை வெளியே தெரிந்து, நனைந்தும் காய்ந்தும் கிடந்தால் மட்கிவிடும், கரையானும் ஏறும். அதனால் பழைய பாலத்தில் பள்ளம் திடீரென்று பெரிதானால், கால்வாய் மட்டம் அண்மையில் இறங்கியதா என்று கேளுங்கள். கட்டைத் தலையில் சாவியைக் குத்தினால் உள்ளே போகிறதா என்றும் பாருங்கள்.

மழை இல்லாத நாளிலும் கல்வெர்ட் வாயில் கலங்கல் தண்ணீர் வந்தால் கதையே வேறு: குழாய் இணைப்பு விட்டுக் கரை மண் உள்ளே அரித்துப் போகிறது. இணைப்பை அடைக்காமல் மேலே என்ன செய்தாலும் வீண்.

அறிகுறி: வண்டி போகும்போது சிலிப்பர் கட்டைக்கு நடுவில் சேறு பீச்சுகிறது

ஜல்லி கொட்டாதீர்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: மேலே கொஞ்சம் நல்ல ஜல்லி, அதன் கீழே சேறு கலந்தது, அதன் அடியில் ஆண்டாண்டாகக் கொட்டிய ஜல்லி களிமண்ணை அழுத்திக் கிண்ணம் போலக் குழித்து வைத்திருக்கும், கிண்ணம் நிறையத் தண்ணீர். வெட்டிய பள்ளத்தின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கசிந்து நிரம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சக்கரம் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்தத் தண்ணீர் களிமண்ணைக் கரைத்து மேலே தள்ளுகிறது. ஜல்லி கொட்டக் கொட்டக் கிண்ணம் ஆழமாகும்.

கிண்ணத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகும்படி கரையின் பக்கவாட்டில் குறுக்குவெட்டு வடிகால் போட்டுத் தண்ணீரை வெளியே விடுங்கள். பாதி இடங்களில் இதுவே போதும். நிற்கவில்லை என்றால் ஜல்லியை எடுத்து, 15 அல்லது 20 செ.மீ. மணல், அதோடு வடிகட்டித் துணி விரித்து, பிறகு ஜல்லி. துணியை மட்டும் நேரடியாகக் களிமண்ணில் விரித்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்; மணல் வேண்டும்.

அறிகுறி: கரை முழுவதும் அதிர்கிறது, ஆனால் இறங்கவில்லை

கம்புட் மேல் மிதக்கும் கரை அப்படித்தான் இருக்கும். இங்கிலாந்தில் 1830இல் திறந்த லிவர்பூல் – மான்செஸ்டர் பாதையை ரயில் பொறியாளர் ஸ்டீபன்சன் சாட் மாஸ் என்ற சதுப்பின் மேல் புதர்க்கட்டுகளை விரித்து மிதக்கவிட்டார். இன்றும் அதன் வழியே ரயில் ஓடுகிறது. வேகம்தான் பிரச்சினை. சுவீடனில் லெட்ஸ்கோர்ட் என்ற இடத்தில் 1990களின் கடைசியில் 200 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டபோது, இளகிய மண்ணில் அலை எழும்பும் வேகத்தை ரயில் எட்டிவிட, கரை பயங்கரமாக ஆடி, வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. குலை வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. வண்டி போனதும் தண்டவாளம் பழைய மட்டத்துக்கே திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: வறட்சியில் கரை ஓரம் புகைகிறது

கம்புட் அடியில் எரிகிறது. மேலே தண்ணீர் தெளித்தால் அணையாது. கால்வாயை அடைத்து மட்டத்தை உயர்த்தி ஊறவைக்க வேண்டும். அணைந்த பிறகும் உள்ளே வெற்றிடம் இருக்கும். கம்பி போட்டுப் பார்க்காமல் எஞ்சினை ஏற்றாதீர்கள்.

அறிகுறி: மழைக்கு மறுநாள் திடீரென்று ஒரு ஓட்டை

பெரும்பாலும் உடும்பு வளை, அல்லது உள்ளே மட்கிப்போன மரத்தண்டு. வாயை மட்டும் மண்ணால் அடைத்தால் உள்ளே குகை அப்படியே இருக்கும். திறந்து வெட்டி, தண்டின் முனை தெரிந்தால் கரைக்கு வெளியே வரும்வரை தொடர்ந்து எடுத்து, மணலைத் தண்ணீர் விட்டு நிரப்பி, மேலே களிமண் மூடி போடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்திலும் பக்கத்திலும் கம்பியைக் குத்திப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கினால் வண்டியை விடலாம்.